நறுவிலி மரம் நிற்கட்டும்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். கப்பலில் நீங்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டது போலப் பறக்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

பாப்பா விடுதியிலிருந்து பேசினாள். இளைத்துவிட்டாளாம், குரலைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை. எனக்குத் தையல் வேலைக்குக் குறைவில்லை. பள்ளிச் சீருடைகள் மூட்டையாக வந்து இறங்கியிருக்கின்றன. மிஷினை நிறுத்தினால் வீட்டில் வேறு சத்தம் இல்லை.

போன தடவை போனில், வாசலில் நிற்கும் நறுவிலி மரத்தை ஆள் வைத்து வெட்டச் சொன்னீர்கள். மாடியில் குடியிருக்கும் டிரைவர் உங்கள் வரைக்கும் புகாரைக் கொண்டுபோய்விட்டார். பழம் பழுத்துக் கொட்டுவது உண்மைதான். மரத்தடியில் நிற்கும் அவருடைய ஸ்கூட்டர் சீட், பழத்தின் கொழகொழப்பில் பசை தடவியது போல ஒட்டுகிறது. காலையில் மணியை அடித்து, "ஏம்மா, இது மரமா, மூக்கு ஒழுகுற கொழந்தையா? எந்திரிச்சா சீட்டும் கூடவே வருது!" என்று குதிப்பார். கத்தி முடித்ததும் மூச்சு வாங்கும், தண்ணீர் கேட்பார். "கப்பல்காரர் எப்ப வர்றாராம்?" என்று விசாரிப்பார். பின்னாலேயே அவர் மனைவி வந்து, என் பங்குக்கும் சேர்த்து அவரைத் திட்டுவாள்.

மரத்தைக் காப்பாற்றலாம் என்று, போன வாரம் தினமும் விடியுமுன்பே எழுந்து வாசலைக் கூட்டி, ஸ்கூட்டரையும் துடைத்து வைத்தேன். அந்த வாரம் முழுக்க ஒருவரும் மணி அடிக்கவில்லை. மணி கெட்டுவிட்டதோ என்று நானே வெளியே போய் அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சிரிக்காதீர்கள். நேற்று நன்றாகப் பழுத்ததாக நாலு பழம் பறித்து, அந்த சீட்டில் நானே நசுக்கி வைத்தேன். மனிதர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் மனைவி உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் போனாள்.

தனியாக இருக்க முடியவில்லை. கப்பல் வேலை ஒப்பந்தத்தை மறுபடி நீட்டித்ததையும் அதே போனில்தான் சொன்னீர்கள். மரத்தைப் பற்றிப் பேசிய அளவுகூட அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது வெட்டச் சொல்லாதீர்கள். நீங்கள் வாருங்கள். வந்து உங்கள் கையாலேயே வெட்டுங்கள். கோடரியை நானே எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
பாப்பாவின் அம்மா