கொக்கி மாட்டிய இடம்

அன்புள்ள மருமகளே,

இனி நான் எழுதப்போவதை ஈ எறும்புகூட நம்பாது என்று சத்தியம் செய்கிறேன்.

கட்டுமான மேலாளர் வேலையை உன் மாமா நான் உதறிய அன்று ஊரிலுள்ள கிரேன்கள் எல்லாம் தலைகுனிந்து அழுதன. அந்த வேலையில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தினேன். இப்போது கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து, சோதித்து, "மெதுவா, மெதுவா" என்று கத்துகிறேன்.

நேற்று சோதனைக்கு உன் அப்பா வந்தார். மேகத்துக்கு மேலே, சாரத்தில் ராஜா மாதிரி நின்றார். பாதுகாப்பு பெல்ட் கச்சிதம். ஆனால் அதன் கயிற்றுக் கொக்கியைச் சாரக் கம்பியில் மாட்டாமல் தன் பெல்ட்டிலேயே திருப்பி மாட்டியிருந்தார்.

"மச்சான், உங்கள நீங்களே பிடிச்சுக்கிட்டா விழ மாட்டீங்களா?"

"முப்பது வருஷமா ஏறுறேன், எனக்கே பாடமா? கையெழுத்தப் போடு மாப்ளே!"

'தேறவில்லை' என்று எழுதினேன். அவர் போட்ட சத்தத்தில் ஏழு கடலும் வற்றின. அதிலிருந்து உன் அம்மா, என் அருமை அக்கா, என் போனை எடுப்பதில்லை.

சான்றிதழ் இல்லாமல் அவரைச் சாரத்தில் ஏற்றமாட்டார்கள். திங்கட்கிழமை மறுசோதனை. நீ சொன்னால் வருவார்.

கிரேனும் மேகமும் கடலும் என் கைச்சரக்கு. கால் தவறியிருந்தால் அந்தக் கயிறு அவரைத் தாங்கியிருக்காது என்ற சின்ன விஷயம் மட்டும் நிஜம், கண்ணு.

இப்படிக்கு,
சாரங்களின் சக்கரவர்த்தி,
உன் மாமா