ஏறுவதற்கு ஐந்து, இறங்குவதற்கு இரண்டு

அன்புத் தோழி,

மையத்தின் வரைபட அலமாரி துருப்பிடித்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறோம். பழையதைக் காலி செய்யும் வேலையை வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. அடித்தட்டை இழுத்ததும் பாச்சா உருண்டை நெடியோடு நீ வரைந்த தாள் வெளியே வந்தது. ஒவ்வொரு மலைப் பாதையின் மேலும் இரண்டு எண்கள். ஏறும் நேரம் சிவப்பு மையில், இறங்கும் நேரம் நீல மையில். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. மை இன்னும் மங்கவில்லை.

இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நான் நம்புவதில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். இருந்தும் எழுதுகிறேன். உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் மலைப்பகுதிகளுக்கென்று ஓர் ஆய்வு மையம் வேண்டும் என்று நீ முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். நாம் இருவரும் ஒரே துறையில் விரிவுரையாளர்கள். நான் புள்ளிவிவரம், நீ நில அளவை. பல்லாவரத்திலிருந்து நீ வருவாய். தாம்பரம் ஸ்டேஷனில் சந்தித்து நடப்போம். உன் அம்மா பிறந்த ஊர் ஆம்பூர். பள்ளி விடுமுறைகளில் அங்கே மொட்டை மாடியில் நின்று தொலைவில் தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாயாம். "அங்க யார் இருக்காங்கன்னு அத்தாகிட்ட கேட்டா, 'யாரும் இல்லம்மா, காடு'ன்னாரு. ராத்திரி பார்த்தா விளக்கு தெரியுது!" என்பாய். உன் ஆராய்ச்சி முழுவதும் அந்த விளக்கிலிருந்து வந்தது.

இரண்டு வருடம் மனு எழுதினோம். தாம்பரத்தில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான, கல்நார் கூரை போட்ட ஒரு கொட்டகையைத் தற்காலிகமாகக் கொடுத்தார்கள். பயிற்சி விமானம் தலைக்கு மேல் போனால் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அலுவலக உதவியாளர் முனுசாமி பலகையை மாட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா மேடம், மலை எங்கியோ கீது, ஆபீஸு இங்க கீது. திரிசூலத்துல ஒரு மலை கீது, அதையும் ஒடச்சி ஜல்லி ஆக்கிகினு கீறாங்க. நீங்க இன்னாத்த ஆராய்ச்சி பண்ணப் போறீங்க?"

"நாமதான் போகணும் முனுசாமி. மலை லீவு போட்டுட்டு இங்க வராது" என்றாய்.

நீ போனாய். வருடத்தில் நான்கு மாதம் மலையில் இருந்தாய். நான் போகவில்லை. யாராவது இங்கே இருந்து பல்கலைக்கழகத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்பேன். அது உண்மைதான். எனக்கு முட்டி வலி என்பதும் உண்மைதான். ஆனால் எனக்கு விருப்பமில்லை என்பதுதான் முழு உண்மை.

மையத்துக்கு நிரந்தர அங்கீகாரம் கொடுக்கும் குழு கூடியபோது நீ மலையில் இருந்தாய். உன் வரைபடத்தை நான் விரித்துக் காட்டினேன். குழுவில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே பாதைக்கு ரெண்டு நேரமாம்மா? போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு? இது என்ன, பஸ் டைம்டேபிளா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பாதைக்கு ஓர் எண்ணாகத் திருத்தி ஒரு வாரத்துக்குள் கொடுக்கச் சொன்னார்கள்; இல்லாவிட்டால் மனு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். உனக்குத் தபால் போய்ச் சேரவே பத்து நாளாகும். ஒரு மத்தியானம் உட்கார்ந்து எல்லாப் பாதைக்கும் சராசரி போட்டேன். பள்ளத்து ஊர்களிலிருந்து மேட்டு ஊருக்கு ஏற ஐந்து மணி நேரம், இறங்க இரண்டு. மூன்றரை என்று எழுதினேன். கணக்கில் பிழை இல்லை. அங்கீகாரம் வந்தது. அந்த வரைபடத்தை மையத்தின் முதல் வெளியீடாக அச்சடித்தோம்.

நீ இறங்கி வந்து அதைப் பார்த்தாய். வெயிலில் கறுத்திருந்தாய், செருப்பு அறுந்திருந்தது.

"மூன்றரையா? ஏறவும் ஏறாம, இறங்கவும் இறங்காம இந்தப் பாதையில போற ஆளு யாருடி?"

"சராசரிதானே. அங்கீகாரம் கெடைச்சுதா இல்லையா?"

"கெடைச்சுது" என்றாய். அதற்கு மேல் சண்டை போடவில்லை. அன்று நீ சண்டை போட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். இதுவும் பழியை உன் பக்கம் கொஞ்சம் தள்ளிவிடும் முயற்சிதான். விட்டுவிடுகிறேன்.

அடுத்த வருடம், பள்ளத்து ஊர்களுக்குப் பொதுவாக ஒரு பிரசவ நிலையம் எங்கே வைக்கலாம் என்று சுகாதாரத் துறை கேட்டபோது, அவர்கள் கையில் இருந்தது நம் வரைபடம். அதன்படி மேட்டு ஊர் மூன்றரை மணி நேரம். ஜீப் வரும் அடிவாரச் சந்தை, சமதளப் பாதையில் நான்கு மணி நேரம். அரை மணி நேரம் மிச்சம் என்று நிலையத்தை மேட்டில் கட்டினார்கள். திறப்பு விழா அழைப்பிதழில் மையத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அதை நான் சுவரில் ஒட்டி வைத்தேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் உன் கார்டு வந்தது. நான்கே வரி. "உன் மூன்றரை மணி நேரத்தை இன்று நடந்தேன். டோலியில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஏறினார்கள். ஏழு மணி நேரம் ஆயிற்று. பிள்ளை இருக்கிறது, தாய் வழியிலேயே போய்விட்டாள்."

அடிவாரத்துக்குக் கொண்டுபோயிருந்தாலும் அவள் பிழைத்திருப்பாள் என்பது நிச்சயமில்லை. இதை எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது சரியாகத்தான் இருக்கிறது. தூக்கம்தான் வருவதில்லை.

நீ திரும்பி வந்த அன்று தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றோம். சுகாதாரத் துறைக்கு நீயே போய் உன் தாளைக் காட்டியிருந்தாய். மையத்தின் கடிதம் இருந்தால் நிலையத்தை மாற்றப் பார்க்கலாம் என்றார்களாம். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். மையத்துக்கு அப்போது நான்தான் பொறுப்பாளர்.

"எப்ப எழுதித் தருவே?"

"பல்கலைக்கழக ரிவ்யூ முடியட்டும். முதல் வெளியீடே தப்புன்னு நாமளே சொன்னா, கடையை மூடிட்டுப் போங்கன்னுடுவாங்க."

"சரி" என்றாய். மின்சார ரயில் வந்தது, ஏறிப் போனாய். ரிவ்யூ முடிந்தது. அதன் பிறகு மானியம், அதன் பிறகு புதிய பதவிகள். நீ மறுபடி கேட்கவில்லை. மலையில் இருக்கும் மாதங்கள் மட்டும் கூடிக்கொண்டே போயின. கடைசியாக மஞ்சள் காமாலையோடு இறங்கி வந்தாய். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது வரைபடத்தைப் பற்றி நாம் பேசவில்லை. ஆப்பிள் விலையைப் பற்றிப் பேசினோம்.

பல்லாவரத்தில் உன்னை எடுத்துக்கொண்டு போனபோது நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆபீஸுதான்மா அவளுக்கு உசிரு. நீ நல்லாப் பாத்துக்க" என்றார். தலையாட்டினேன்.

உன் தாள் கிடைத்த மறுநாள் சுகாதாரத் துறைக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். வெளியிட்ட நேரங்கள் தவறு, திருத்தியவள் நான், சரியான நேரங்கள் இவை, பிரசவ நிலையத்தை அடிவாரத்துக்கு மாற்ற வேண்டும் என்று. அனுப்பும் முன்பே நகலைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்தார். நல்ல மனிதர்.

"அச்சுப் பிழைன்னு போட்டுடலாமே மேடம்? உங்களுக்கும் நல்லது, மையத்துக்கும் நல்லது. நிலையமும் மாறிடும்."

"அச்சகத்துக்காரர் நான் கொடுத்ததைச் சரியாத்தான் அடிச்சார், சார்."

"அப்ப ஒரு விசாரணை வரும். இந்த வருஷ மானியத்தை நிறுத்தி வைப்பாங்க."

"தெரியும் சார்."

துணிச்சலோடு சொல்லவில்லை. அவர் போனதும் கடிதத்தை முனுசாமியிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னேன். கடிதம் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. பதில் வரவில்லை. நிலையம் இன்னும் மேட்டில்தான் இருக்கிறது. மையம் அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியவில்லை. உன் அம்மாவுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

கடிதத்தை எழுதும்போது ஒன்று தெரிந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவள் பெயர் எனக்குத் தெரியாது. நீ கார்டில் எழுதவில்லை. இடம் போதாமல் இருந்திருக்கலாம். இல்லை, நான் கேட்பேன் என்று நினைத்து எழுதாமல் விட்டிருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். உனக்குத் தெரிந்திருக்கும். அவள் பெயர், அவள் ஊர், அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர், எல்லாம். நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.