முருகன் படத்தடியில் வைத்த சந்தாக் கடிதம்

ஐப்பசி 14, வெள்ளி.

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் என் வீட்டுக்காரருக்கு, மருந்தாளர் சங்கச் சந்தாவைத் தோட்டம்தான் கட்டும். சங்கக் கடிதத்தை ஆபீசில் கொடுத்தால் போதும். திங்கள் வந்ததை முருகன் படத்தடியில் வைத்தேன். முக்கியமான காகிதம் எதையும் வெள்ளிப் பூசை முடியாமல் நான் வெளியே கொடுப்பதில்லை.

இன்றைக்குப் பூசை முடித்துக் கொண்டுபோய், ஏன் தாமதம் என்பதையும் சொன்னேன்.

"இதைக் கொடுக்கிற கெடு நேத்தோட முடிஞ்சிருச்சும்மா. மேனேசர் தொரை இனிக் கையெழுத்துப் போட மாட்டாரு. முருகனுக்குத் தேதி தெரியாதா?" என்றார் பெரிய கிளாக்கர்.

நாங்களே கட்ட, வீட்டில் பாதிப் பணம்கூடத் தேறாது. சந்தா கட்டாமல் சங்கத்தின் இந்த வருஷ அட்டை வராது. அட்டை இல்லாமல் இவர் மருந்து கொடுக்கக்கூடாது.

ராத்திரி சாப்பிடும்போது இவர், "சங்கக் கடுதாசி வந்துச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் வரலைங்க" என்றேன்.

"சரி, காலையில பெரிய கிளாக்கர்கிட்ட நானே கேட்டுக்கிறேன்" என்று படுத்துவிட்டார்.

எழுப்பிச் சொல்லவா? இரண்டு தடவை பக்கத்தில் போய் நின்றுவிட்டு வந்தேன்.