மகிழுந்துப் படம் வராது

கென்ட் நகரம், பெல்ஜியம்

பேரன்புள்ள அம்மாவுக்கு நெடுமாறனின் வணக்கம். நீடாமங்கலத்தில் அனைவரும் நலந்தானே? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் மிதிவண்டியில் பணிக்குச் செல்லும் படத்தைக் கண்டு, திருவிடைமருதூர்ப் பெண்வீட்டார், "ஃபாரின் போயும் மாப்பிள்ளைக்கு சைக்கிள்தானா?" என்று சிரித்தார்களாம். நீங்களும் தொலைபேசியில், "யாரு காரு பக்கத்துலயாவது நின்னு ஒரு படம் எடுத்து அனுப்புப்பா, மானம் போவுது" என்றீர்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

இந்நாட்டில் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை அமைத்து, அதில் பணிக்கு வருவோருக்குப் பயணப்படியும் வழங்குகிறார்கள். எங்கள் இயக்குநர் அம்மையாரே மழைச்சட்டை அணிந்து மிதித்து வருகிறார். சென்ற வாரம் நனைந்த இலைகளில் நான் வழுக்கி விழுந்தபோது தூக்கிவிட்டவரும் அவரே. வெறும் சிராய்ப்புதான், அஞ்சவேண்டா. நம் ஊரிலோ தன் காலால் மிதிப்பவன் இழிந்தவன். கடன்பட்டு இரும்பு வாங்கியவன் பெருமகன்! வெட்கக்கேடு!

இரவல் மகிழுந்தருகே நின்று நான் பல்லிளிக்கமாட்டேன். அதே மிதிவண்டிப் படத்தை அந்தப் பெண்ணிடமே காட்டுங்கள். அவரும் சிரித்தால் இத்திருமணம் வேண்டா.

ஊரிலிருந்து இங்கு வருவோரிடம் வடகமும் வேப்பம்பூவும் கொடுத்தனுப்புங்கள், சற்றுக் கூடுதலாகவே. தனியே உண்டு சலித்துவிட்டது. பணிக்கு நேரமாகிறது, மழையும் பிடித்துக்கொண்டது. பெண் சிரிக்கவில்லையென்றால் உடனே சொல்லுங்கள். இன்னொரு மிதிவண்டி வாங்கவேண்டும்.

உங்கள் மகன்,
நெடுமாறன்