பேச்சியிடம் சொன்ன சாரி

19.1.2003, ஞாயிறு

ஹஜ்ஜுக்குப் போகுமுன் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். சொந்தக்காரர்களிடம் கையைப் பிடித்து, அழுது கேட்டேன். அவர்களுக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை.

செய்தது பக்கத்து வீட்டுப் பேச்சிக்கு. அவள் மகளைப் பெண் கேட்க வந்தவர்கள் என்னிடம் விசாரித்தபோது, "வாய் கொஞ்சம் நீளம்" என்றேன். சம்பந்தம் நின்றுபோனது. அது அவளுக்கும் தெரியும்.

இன்று ஏலத்தோட்டக் கூலி வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கியவளிடம், "சாரி பேச்சி" என்றேன். தமிழில் கேட்க வாய் வரவில்லை.

"ஜீப்புல கால மிதிச்சவுகளும் இதத்தேன் சொல்றாக. நல்லபடியாப் போயிட்டு வாங்கக்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

விடிந்தால் பயணம். அதற்கு முன்பே அவளை வேலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் வந்துவிடும். இருட்டோடு போய் அவள் வாசலில் நிற்கப் போகிறேன். யா அல்லாஹ், அப்போதாவது என் வாயில் தமிழ் வரட்டும்.