இரண்டாம் வகுப்பின் கிழக்குச் சுவர்

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் நலம். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை. நம் வாயாடி மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்கள் பெயரைச் சொன்னால் பாதி காற்றாக வருகிறது. அதற்கு அவளே சிரிக்கிறாள்.

இதைப் போனில் சொல்ல முடியாது. இந்த வீட்டில் போன் பேசினால் எல்லா அறைக்கும் கேட்கும். அடுத்த அறையில் உங்கள் அண்ணன் இருக்கிறார். அதனால் நாளை அங்கே திரும்பும் பேக்கரிக்காரரின் மருமகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

புதுப் பள்ளிக் கட்டடத்துக்கு நீங்களும் அறை நண்பர்களும் அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. ஊரின் பங்கு நிறைந்துவிட்டது. பள்ளிக்கு எதிரே இருக்கும் தையற்காரம்மா, "என் மெஷின் சத்தத்துல பாடம் கேட்ட பிள்ளைங்க, நான் குடுக்காம யாரு குடுப்பா" என்று முதல் ஆளாக வந்தார். மீதியை அரசு தரும். பழைய கட்டடம் பிள்ளைகள் உட்காரத் தகுதியில்லை என்று பொறியாளர் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அவர் வந்தார். சுற்றிப் பார்த்தார். கட்டடம் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நடந்தது இதுதான். அவர் வரும் தேதி தெரிந்ததும் ஊர் கூடியது. "பெரிய மனுஷன் வர்றாரு, அழுக்குச் சுவரையா காட்டுறது?" என்றார் பேக்கரிக்காரர். பெற்றோர் சங்கத் தலைவர் அவர்தானே. ஒரு வாரம். பெயின்ட் அடித்தார்கள். ஜன்னல்களுக்குக் கொக்கி மாட்டினார்கள். நானும் முழங்காலிட்டுத் தரையைத் தேய்த்தேன். என் இரண்டாம் வகுப்பின் கிழக்குச் சுவரை உங்கள் அண்ணன், கொத்தனார் ஆயிற்றே, யாருக்கும் விடாமல் தானே எடுத்துக்கொண்டார். விரல் நுழையும் அளவுக்கு மேலிருந்து கீழே விரிசல். சுவர் நகர்கிறதா என்று பார்க்க, அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டிவைத்தவரும் அவர்தான். கண்ணாடி உடைந்தது. புதுக் கட்டடம் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கண்ணாடியையும் சேர்த்துப் பூசிவிட்டார்.

எதற்காக அந்த ஆள் வருகிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

பொறியாளர் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்து, "யாருங்க பூசினது? கண்ணாடி மாதிரி இருக்கே" என்று கேட்டார். உங்கள் அண்ணன் முன்னால் வந்து நின்றார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

பெரிய டீச்சரும் நானும் பொறியாளரின் அலுவலகத்துக்குப் போய் நின்றோம். இன்னொரு முறை வருகிறேன் என்றார். வரும் புதன்கிழமை. ஆனால் நாங்களே பூச்சை உடைத்துவைத்தால், பணத்துக்காக இடித்தோம் என்றுதான் எழுத முடியுமாம். பூசியவரே அவர் கண்முன் திறந்து, உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "பூசாட்டியும் குத்தம், பூசினாலும் குத்தம். டீச்சரம்மாவுக்கு என்னதான் வேணும்?" என்று ஒருவர் கேட்டார். சிரித்தார்கள். உங்கள் அண்ணன் சிரிக்கவில்லை. "நான் என்ன திருட்டு வேலையா பார்த்தேன்?" என்று எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார்.

அதிலிருந்து என்னிடம் பேச்சில்லை. நான் எதிரிலேயே நிற்கும்போது, "உங்க அம்மாகிட்ட சொல்லு, மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குன்னு" என்று வாயாடியிடம் சொல்கிறார். உங்கள் அண்ணி பாவம், இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். மேலத்தெருக் கொத்தனாரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் பூசியதை அவர் சொல்லாமல் இன்னொருவர் தொடுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். "அண்ணன் கை வச்ச சுவர்ல நான் உளி வைக்கிறதா? ஆளை விடுங்க டீச்சர்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மழை தொடங்கிவிட்டது. விரிசல் தெரிந்தவரை அதைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன். இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவர் முழுவதையும் பார்க்கிறேன். கரும்பலகையில் கூட்டலைத் தப்பாகப் போடுகிறேன், பிள்ளைகள் திருத்துகிறார்கள். மாற்றி உட்கார வைக்க வேறு அறையும் இல்லை. மாலை மணி அடித்து, கடைசிப் பிள்ளை வாசலைத் தாண்டிய பிறகுதான் ஒழுங்காக மூச்சு வருகிறது.

நீங்கள் பேசினால் கேட்பார். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். முதலில் அவர் வேலையில் குறை இல்லை என்று சொல்லுங்கள். உண்மையிலேயே இல்லை.

இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மதியம் நல்ல மழை. உங்கள் அண்ணன் நனைந்துகொண்டு வகுப்புக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கிழக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அந்தச் சுவரோரம்தான் வாயாடி உட்காருவாள். அவள் பையை எடுத்தார். "நீ இங்க வா கண்ணு" என்று கதவுப் பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தார். போய்விட்டார்.

அவர் வாசலைத் தாண்டியதும் சலூன்காரரின் மகன் நகர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டான். சாய்ந்துகொள்ளச் சுவர் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு.

உங்கள் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் அவருக்குத் தெரியாது. நான் எழுதியது தெரிந்தாலும் பரவாயில்லை, நீங்கள் சொல்லுங்கள். புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.

உயரத்தில் நின்று வெல்டிங் செய்யும்போது இதை நினைக்க வேண்டாம். இறங்கிய பிறகு நினைத்தால் போதும். நீங்கள் கால் வைக்கும் இடமெல்லாம் உறுதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மழை விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி