பூஜையில் வைத்த மோட்டார்

ஆயுத பூஜை, இரவு.

மலையடிவாரச் சுரங்கத்தின் கழிவுக் குட்டை இன்று மழையில் வழிந்துவிட்டது. மலைத்தண்ணீர் குட்டைக்குள் வராமல் சுற்றிப்போக நான் ஒரு வாய்க்கால் வரைந்து கொடுத்திருந்தேன். "தண்ணி எறைக்க மோட்டார் கீதே, இது இன்னாத்துக்கு?" என்று மேனேஜர் அதைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டார். இன்று அந்த மோட்டாருக்குச் சந்தனம், மாலை. குட்டை நிரம்பத் தொடங்கியதும் மோட்டாரைப் போடச் சொன்னேன்.

"பூஜையில வெச்சத நாளைக்குத்தான் சார் எடுப்போம்" என்றான் ஆபரேட்டர்.

மேனேஜர் பொரியை மென்றுகொண்டே, "ஒரு நாள்ல இன்னா ஆயிடும், இன்ஜினியரே?" என்றார்.

சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறச் சேறு, குட்டைக்குக் கீழே குடியிருக்கும் பொன்னம்மாவின் சாமைக் கொல்லையை மூடி, கிணற்றிலும் இறங்கிவிட்டது.

"இந்தத் தண்ணிய மாடு குடிக்கலாமாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

கூடாது என்றேன்.

"அப்ப நாங்க?"

நான் சொன்னபடியே நடந்துவிட்டது. அதை மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லத்தான் இத்தனை நாளும் காத்திருந்தேன். பொன்னம்மா காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மேனேஜரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.